நொட்டை சொல்ல முடியாத கரவன்

மரியரஞ்சனி தன் புருசனை வீட்டை விட்டு அனுப்புவதற்காக ஒரு பழைய கரவன், காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற சில்லு வைத்த வீடு, தேடிக்கொண்டிருந்தாள். அந்தப் புருசனே அதைப் பார்த்துக் கொடுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட வந்தான். இப்படியும் ஒரு கூத்து நடக்குமா என்று கேட்காதீர்கள். ஒஸ்லோவில், இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வைகாசி மாதத்தில் நடந்தது.

பிரிந்து வாழ்வதற்கான அனுமதிக் கடிதம் வந்து ஏழு மாதமாகிவிட்டது. பேனாட் மட்டும் ஹொல்ம்லியா வீட்டை விட்டு அசையவில்லை. "எங்கை போறது? இப்ப வீட்டு வாடகை என்ன விலை எண்டு தெரியுமே?" என்று கேட்டுக்கொண்டு மகள் நோராவின் அறையைப் பிடித்துக்கொண்டான். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஏழு மாதமாகச் சோபாவில் படுத்து, குளியலறையில் உடுப்பு மாற்றிப் பள்ளிக்கூடம் போகிறாள். ஒரே கூரையின் கீழ் இருந்தால் அந்தக் கடிதம் வெறும் தாள்தான் என்று வக்கீல் வேறு சொல்லிவிட்டாள். போக இடமில்லை என்கிறவனுக்கு ஒரு இடத்தையே வாங்கிக் கொடுத்துவிட்டால் என்ன என்று ரஞ்சனிக்குத் தோன்றியது அப்போதுதான். கையில் இருந்தது இருபத்திரண்டாயிரம் குரோணர், அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை. நகரத்துக்கு வெளியே, வருசம் முழுக்கக் கரவன் நிறுத்தி வைக்கக்கூடிய கம்பிங் ஒன்றில் இடமும் பேசி வைத்தாள். இந்தச் சனிக்கிழமை பின்னேரம் வரைதான் அந்த இடத்தைப் பிடித்து வைக்கலாம், அதற்குப் பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கம்பிங்காரன் சொல்லியிருந்தான்.

"மனிசன் இருக்கக்கூடியதாய் ஒண்டைக் காட்டு. நொட்டை இல்லாட்டி நான் போறன்" என்று பேனாட் வாக்குக் கொடுத்திருந்தான். எப்படிப்பட்ட ஆள் எப்படிப்பட்ட வாக்குக் கொடுத்தான் பாருங்கள். நொட்டை சொல்வதில் அவனை வெல்ல நோர்வேயில் ஆளில்லை. அவன் குடிக்கிறவனில்லை, அடிக்கிறவனில்லை. லொறி திருத்துகிற இடத்தில் வேலை, ஞாயிறு தவறாமல் மாதா கோயில். வீட்டில் மட்டும் எதைக் கண்டாலும் அதில் ஒரு பிழை. சம்பலில் உப்புக் கூட, உடுப்புக் காயப்போட்டது கோணல், அவள் பேசும் நோர்வே மொழி, அந்த நொர்ஸ்க், வாய்க்குள் கல்லுப் போட்ட மாதிரி. நோரா மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாள் விருந்தில் பிள்ளை எழும்பித் தமிழில் நாலு வசனம் நன்றி சொன்னாள். சனம் கைதட்டி முடிவதற்குள் இவன் எழும்பி, எத்தனை இடத்தில் ழகரம் பிழைத்தது என்று எண்ணிச் சொன்னான். அன்றைக்கு வாயை மூடியவள்தான். தகப்பனிருக்கும் அறையில் நோரா இன்றுவரை ஆம், இல்லை என்பதற்கு மேல் எதுவும் பேசுவதில்லை, அதையும் நொர்ஸ்க்கில்தான் சொல்கிறாள்.

மூன்று சனிக்கிழமையில் மூன்று கரவன் பார்த்தாயிற்று. முதலாவதில் யன்னலுக்குக் கீழே பெருவிரலால் அமத்தினான், பலகை ஊறின பாண் மாதிரி உள்ளே போனது. இரண்டாவதின் அடிச்சட்டம் கறள் பிடித்து உதிர்ந்தது. மூன்றாவதில் காஸ் அடுப்புக் குழாய் வெடித்திருந்தது. மூன்று முறையும் அவன் சொன்னது சரி. அதைத்தான் ரஞ்சனியால் பொறுக்க முடியவில்லை. பிழை சொல்லும் மனிதன் பிழையாகச் சொன்னாலாவது திட்டித் தீர்க்கலாம்.

நாலாவது, அந்தக் கடைசிச் சனிக்கிழமை பார்க்கப் போனது, பியோர்ண்டாலில் ஸ்ரீஸ்கந்தராசா வீட்டு வாசலில் நின்றது. தமிழ்க் கடையில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து ரஞ்சனி ரெலிபோன் அடித்திருந்தாள். ஸ்ரீஸ்கந்தராசா தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், சைவக் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், சனத்தின் சண்டை சச்சரவு தீர்த்து வைப்பதில் பேர் எடுத்தவர்.

"அங்கை போய் வாயைத் திறக்கப்படாது" என்றாள் காருக்குள். "விடுமுறைக்குப் போக எண்டுதான் சொன்னனான். தமிழாக்கள்."

"நான் ஏன் திறக்கிறன்? கரவனைத் திறந்தால் எல்லாம் தெரியும்" என்றான் பேனாட்.

திறந்தான். முக்கால் மணித்தியாலம் பார்த்தான். சுவரெல்லாம் விரலால் அமத்தினான். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் தரை முழுக்க மிதித்தான். மெத்தையைத் தூக்கினான், அடுப்பை மூட்டினான், குழாயைத் திறந்தான், வண்டிக்குக் கீழே முதுகால் ஊர்ந்து போய் ரோச் லைற் அடித்துப் பார்த்தான். பதினேழு வருசப் பழசு, ஆனால் ஸ்ரீஸ்கந்தராசா அதைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். வருசா வருசம் ஈரம் பார்த்த தாள் முதற்கொண்டு கோவையில் அடுக்கி இருந்தது. கீழேயிருந்து வெளியே வந்தபோது பேனாட்டின் முகத்தில் ஈயாடவில்லை.

"எப்பிடித் தம்பி?" என்று கேட்டார் ஸ்ரீஸ்கந்தராசா.

"பறவாயில்லை" என்றான். பதினாறு வருசத்தில் அந்தச் சொல்லை அவன் வாயால் ரஞ்சனி கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

குசினி மேசையில் தேத்தண்ணியும் றோல்ஸும் வந்தன. அவருடைய மனைவி யோகாம்பாள் கோப்பைகளை வைத்துவிட்டுத் தண்ணித்தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டாள். "குடும்பமாய்ப் போற பிள்ளையள்" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "இருபத்திரண்டு போட்டனான். உங்களுக்கு மூண்டைக் குறைக்கிறன். பத்தொன்பதைத் தாங்கோ."

ரஞ்சனி கைப்பையைத் திறந்தாள். அப்போதுதான் பேனாட் கோப்பையை மெல்ல வைத்தான்.

"அண்ணை, உங்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. இவ இதை விடுமுறைக்கு வாங்கேல்லை. என்னைக் கலைக்கிறதுக்கு வாங்கிறா."

பாவி. கரவனில் குற்றம் கிடைக்கவில்லை என்றதும் குடும்பத்தையே எடுத்து மேசையில் போட்டுவிட்டான். திங்கட்கிழமைக்குள் இது நகரத்தின் மறுமுனையில் புருசெத்தில் இருக்கிற தமிழாக்கள் வரைக்கும் போய்விடும் என்று ரஞ்சனிக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"உண்மையோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை."

"தம்பி கை நீட்டுறவரோ?"

"இல்லை."

"குடி, வேறை தொடுப்பு?"

"இல்லை."

"பிறகென்ன பிள்ளை?"

பிறகென்ன என்றால் என்னத்தைச் சொல்வது? உப்பையும் உடுப்புக் கொடியையுமா சொல்வது? "என்ரை பிள்ளை வீட்டிலை கதைக்கிறேல்லை அண்ணை" என்றாள். முதல் நன்மை விருந்தில் நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன விசயமாகக் கேட்கிறது என்று அவளுக்கே விளங்கியது.

"தேப்பன் திருத்தாமல் வேறை ஆர் திருத்திறது?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. பேனாட் தலையை ஆட்டினான். "நான் இதைத் தரமாட்டன் தங்கச்சி. ஸ்ரீஸ்கந்தராசா கரவன் வித்துக் குடும்பத்தைப் பிரிச்சவன் எண்டு நாளைக்குச் சனம் கதைக்கும். வேணுமெண்டால் இரண்டு பேருமாய் இரண்டு கிழமை கொண்டு போங்கோ, எனக்குக் காசு வேண்டாம். தனிய இருந்து மனம் விட்டுக் கதைச்சால் எல்லாம் சரிவரும்."

"நல்ல யோசனை அண்ணை" என்றான் பேனாட், கண்ணுக்குள் சிரித்துக்கொண்டு.

இரண்டு கிழமை, அந்தப் பெட்டிக்குள், இவனோடு. ரஞ்சனி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க வாயெடுத்தாள். அதற்குள் யோகாம்பாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து லாச்சியை இழுத்தாள். பேர் மாற்றும் தாளையும் பேனாவையும் எடுத்து ரஞ்சனிக்கு முன்னால் வைத்தாள்.

"இருபத்திரண்டும் கொண்டந்தனியோ?"

"ஓம் அக்கா."

"வை. மூண்டைக் குறைச்சது அவர், குடும்பம் எண்டு குறைச்சவர். எனக்கு முழுக்காசும் வேணும்."

"என்னப்பா செய்யிறாய்?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"விக்கிறன். பதிவு என்ரை பேரிலைதானே கிடக்கு. என்ரை யூனியனாலை காப்புறுதி மலிவு எண்டு நீங்கள்தான் போட்டனீங்கள்."

"ஒரு குடும்பம் பிரியப் போகுது, உனக்கு விளங்கேல்லையோ?"

"அது அவையின்ரை குடும்பம். இது என்ரை சாமான். பத்துக் கோடை நீங்கள் வெளியிலை கதிரை போட்டு இருந்தனீங்கள், நான் உள்ளுக்கை நிண்டு றொட்டி சுட்டனான். என்ரை யன்னலுக்கு முன்னாலை இது இனி நிக்கப்படாது."

ரஞ்சனியைப் பார்த்து அவள் ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள், காசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினாள், கரவனைப் பூட்டித் திறக்கும் திறப்பை மேசையில் தள்ளிவிட்டாள். ஸ்ரீஸ்கந்தராசா எழும்பி மற்ற அறைக்குப் போய்க் கதவை அடித்துச் சாத்தினார்.

வெளியே வந்ததும் பேனாட் கார்த் திறப்பை ரஞ்சனியிடம் நீட்டினான். "வாங்கினனீ, நீயே இழுத்துக்கொண்டு போ. நான் இதிலை விரலும் வைக்கமாட்டன்." தபால் பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மணி நாலு. கம்பிங் கந்தோர் ஆறு மணிக்குப் பூட்டும்.

ரஞ்சனியிடம் லைசென்ஸ் இருந்தது. ஆனால் ஒரு சின்ன இழுவை வண்டியைக்கூட அவள் காரில் கொளுவியதில்லை. காரைப் பின்னுக்கு எடுத்தாள், கோணலாகப் போனது. திரும்ப எடுத்தாள், கரவனின் மூக்கில் முட்டியது. மூன்றாம் முறை ஒருவாறு கிட்ட வந்தது. இறங்கிக் கரவனின் முன்பக்கத்தைக் காரின் கொழுக்கிக்கு மேலே இறக்கினாள். யோகாம்பாள் யன்னலுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூட்டு விழேல்லை" என்றான் பேனாட், தபால் பெட்டியடியில் நின்றபடி.

அவள் காது கொடுக்கவில்லை. லைற் வயரை எடுத்துப் பொருத்தினாள்.

"வயர் நிலத்திலை இழுபடும். முதல் பாதுகாப்புக் கம்பி. எந்த விசரன் கம்பியை அப்பிடிப் போடுவான்?"

அவள் கம்பியை இன்னொரு விதமாகச் சுற்றினாள். அதுவும் பிழை. பேனாட் ஒரு அடி முன்னுக்கு வந்தான், பின்னுக்குப் போனான். ரஞ்சனி, கரவனுக்கு முன்னால் நிலத்தில் ஊன்றி நின்ற சின்ன முன்சில்லைத் தூக்காமலே எழும்பிக் கையைத் தட்டினாள்.

"முன்சில்லு. கடவுளே, முன்சில்லு." அவனால் தாங்க முடியவில்லை. "தள்ளு அங்காலை."

வந்தான். எல்லாவற்றையும் கழற்றினான். முன்பக்கத்தை நேராக இறக்கினான், பூட்டு டக்கென்று விழுந்தது. ஆட்டிப் பார்த்தான். கம்பியைப் போட்டான், வயரைத் தூக்கிக் கட்டினான், சில்லைச் சுழற்றி மேலே ஏற்றினான், கை பிறேக்கை விட்டான். "பிறேக்கை மிதி" என்று அவளுக்குக் கட்டளை போட்டுவிட்டுப் பின்னால் போய் லைற் பார்த்தான். "இனி இழுக்கலாம்" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கு விளங்கியது. தன்னை ஏற்றி இறக்கப்போகிற வண்டியைத் தானே கொளுவிவிட்டான். யன்னலில் யோகாம்பாள் நிற்கும்போது திருப்பிக் கழற்றவும் முடியாது. "நீ கார் ஓடினால் முதல் வளைவிலையே கவிட்டுப் போடுவாய்" என்று உறுமிக்கொண்டு திறப்பைப் பறித்து, தானே காரை ஓட்டினான். ஆறு மணிக்குள் கம்பிங்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

கம்பிங்கில் குறித்த இடத்தில் நிறுத்தி, நாலு மூலைக்கும் கால் இறக்கி, மட்டம் பார்த்ததும் அவன்தான். அவள் செய்தால் சரிவாகிவிடுமாம். நாலு சனிக்கிழமையாக அவள் காரில் ஏற்றி இறக்கிய அவனுடைய இரண்டு சூட்கேசையும் ரஞ்சனி தூக்கிப் படியில் வைத்தாள். கார் அவனுடையது, அது அங்கேயே நிற்கட்டும். அவளுக்கு இருபது நிமிசத்தில் பஸ்.

"தண்ணிக் குழாய் தூரம்" என்றான் உள்ளே இருந்து. "பக்கத்திலை நாய் நிக்குது." பிறகு மெத்தை நெரிபடும் சத்தமும், கால் எதிலோ இடிபடும் சத்தமும் கேட்டன. முக்கால் மணித்தியாலம் சோதித்தவன் அந்தக் கட்டிலில் மட்டும் படுத்துப் பார்க்கவில்லை. படுத்தால் போக ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அவனுக்குப் பயம்.

"கட்டில் கட்டை" என்று கத்தினான். "ஆறடி மனிசன் இதிலை எப்பிடிப் படுக்கிறது? ஒரு சாமான் பாத்து வாங்கத் தெரியாதே உனக்கு?"

பதினாறு வருசமாக அந்தக் கேள்விக்கு அவள் மனம் குறுகிப் போய் நின்றிருக்கிறாள். இன்றைக்கு வாசலுக்குத் திரும்பி வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அவன் முழங்காலை மடக்கிக்கொண்டு பக்கவாட்டில் கிடந்தான்.

"நான் எங்கை பாத்தனான்?" என்றாள். "பாத்தது நீங்கள்தானே."

பேனாட் வாயைத் திறந்தான். அவள் நின்று காத்திருந்தாள், உண்மையாகவே காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.