கிள்ளாமல் விட்ட காய்

எடைக்கல் சோதிக்கிற உத்தியோகத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன் நான். கடைத்தெருவில் என் தலை தெரிந்தால் போதும், தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் மெழுகெல்லாம் மாயமாகிவிடும். லஞ்சத்துக்குக் கை நீட்டாதவன் என்பதைவிட முகத்தில் சிரிப்பே இல்லாதவன் என்றுதான் எனக்குப் பெயர் அதிகம். என் மனைவி எனக்கு வைத்த பெயர் ரூல்தடி. கல்யாணமான மூன்றாம் மாதமே வைத்துவிட்டாள். கோபம் வந்தால் வெறும் ரூல்தடி, மனம் நன்றாக இருந்தால் ரூல்தடியார்.

அவள் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்தாள். அக்கம்பக்கத்தில் பாதிப் பிள்ளைகள் அவள் தைத்ததைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போயின. ஓரத்தில் நாலு விரல் துணியை உள்ளே மடித்து, இரண்டு வரிசைத் தையல் போடுவாள். பிள்ளை வளர வளர உள் தையலைப் பிரித்துவிட்டால் சட்டை அகலமாகும். "இவ்வளவு துணியை உள்ள ஒளிச்சு வைக்கிறியே, வீண்தானே?" என்று ஒருநாள் கேட்டேன். "நீங்க இன்னைக்கு இருக்கிறதை அளக்குறவரு. நான் அடுத்த வருஷத்தை அளக்குறவ" என்றாள்.

நான் ஓய்வு பெற்றதும் பின்பக்கம் கொஞ்சம் மண் உள்ள வீடாகப் பார்த்துக் குடிவந்தோம். பையன் வேறு ஊரில் வேலையோடும் குடும்பத்தோடும் இருந்தான். மண்ணைப் பார்த்ததும் அவள் கேட்டது ஒரே ஒரு செடி, மாதுளை. எனக்குத்தான் ஆசை விடவில்லை. எலுமிச்சை, கொய்யா என்று இன்னும் இரண்டு சேர்த்து வாங்கினேன்.

குழிக்கு இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். டேப் வைத்து அளந்தேன். அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, கன்னுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"அளவுன்னா அளவுதான்."

"அது சரி. அது வேர் விடும்போது உங்ககிட்ட டேப் வாங்கிட்டுதான் விடும்."

குழியைப் பத்து நாள் வெயில் காய விட்டேன். மேல்மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து பாதி நிரப்பினேன். கன்று இருந்த பிளாஸ்டிக் பையைக் கிழிக்கிற வேலையை மட்டும் அவள் என்னிடம் தரவில்லை. தையல் பிரிக்கிற பிளேடை எடுத்துவந்து, மண் கட்டி உடையாமல், ஒரு வேர்கூட அறுபடாமல், குழந்தைக்குச் சட்டை கழற்றுகிற மாதிரி கழற்றினாள். பக்கத்தில் குச்சி நட்டு, சீருடைத் துணியில் நீளமாக ஒரு பட்டை வெட்டி, தண்டை இறுக்காமல் தளர்வாகக் கட்டினாள். தண்டு பருத்தால் கட்டு உள்ளே வெட்டிவிடும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவிழ்த்துக் கட்ட வேண்டும் என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். இன்னொன்றும் சொல்லியிருந்தார்.

"மூணு வருஷத்துக்குப் பூவைக் கிள்ளிடுங்க சார். ஆசைப்பட்டுக் காய்க்க விட்டா செடி தேறாது. அப்புறம் ஆயுசுக்கும் நோஞ்சானாவே நிக்கும்."

எனக்கு அது போதும். ஒரு தகரத் துண்டில் நட்ட தேதியை ஆணியால் கீறிக் குச்சியில் மாட்டினேன்.

எட்டாம் மாதத்தில் மாதுளை பூத்தது. அவள் தையல் மிஷின் போட்டிருந்த ஜன்னலுக்கு நேரே செடி. என் இடுப்பு உயரம்கூட இல்லை, அதற்குள் நாலு பூ. அந்தச் சிவப்பு அவளுக்குப் பிடித்துப்போனது. மிஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். அவள் வந்து சேருவதற்குள் நான் மூன்றைக் கிள்ளிவிட்டேன். நாலாவதை அவள் முன்னாலேயே கிள்ளினேன்.

"பாவி மனுஷா!"

"மூணு வருஷம்."

அவள் நாலு பூவையும் பொறுக்கிக்கொண்டு போனாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டு மிஷின் பலகையில் வைத்துக்கொண்டாள். அதன்பிறகு நான் கிள்ளிய பூவெல்லாம் அந்தக் கிண்ணத்துக்குத்தான் போனது. அன்று சாயந்திரம் வரை என்னோடு பேசவில்லை. தையலுக்கு வந்தவர்களிடமெல்லாம், "பூவைப் பார்த்துக்கோங்க, எங்க வீட்டுக் கொலைகாரர் செஞ்ச வேலை" என்று காட்டினாள்.

இரண்டாம் வருஷம் பூ நிறைய வந்தது. அவள் கெஞ்சிப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு விடுங்க. மரம் என்ன செத்தா போயிடும்?"

"ஒரு கடைக்காரனை ஒரு நாள் விட்டா, மறுநாள் தெருவே கள்ளத்தராசு வைக்கும்."

"நான் என்ன கடைக்காரனா? உங்க பொண்டாட்டி."

விடவில்லை. கிள்ளினேன். இப்போது எழுதும்போது இந்த விரலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

மூன்றாம் வருஷம் பாதியில் அவள் மெலிய ஆரம்பித்தாள். எனக்கு முன்னால் அது அவளுக்குத் தெரியும். தன் ஜாக்கெட்டுகளைத் தானே பிடித்துத் தைக்கிறவள், அளவு தெரியாமல் இருக்குமா? "இதை மூணாவது தடவையா பிடிக்கிறேங்க" என்று ஒருநாள் சொன்னாள். சாப்பாடு குறைந்தது. முதுகு வலி என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஒரு வாரம் எல்லாப் பரிசோதனையும் எடுத்தார்கள். கடைசி நாள் டாக்டர் அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"முத்திப்போச்சு. ஆபரேஷன் பண்ற நிலைமை இல்ல. வலி இல்லாம பார்த்துக்கலாம். ஆறு மாசம் தாண்டினா ஆச்சரியம்தான்."

வெளியே வந்தேன். அவள் பெஞ்சில் பக்கத்திலிருந்த யாரோ ஒரு பெண்ணின் சுடிதாரில் பிரிந்த தையலைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"வயித்துல புண்ணு. மருந்துல ஆறிடுமாம்."

வாழ்க்கையில் நான் அவளிடம் சொன்ன முதல் பொய். எடை குறைவான கல்லைக் கையில் எடுத்தாலே கண்டுபிடிக்கிறவன், அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன். அவளும் நம்பினாள். நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குத் தெரியுமே.

மறுநாள் காலை செடியிடம் போனேன். பதினோரு பூ. பத்தைக் கிள்ளினேன். மதில் பக்கம், இலைகளுக்குப் பின்னால், ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் இருந்த ஒன்றை விட்டேன். பூவிலிருந்து பழத்துக்கு ஐந்து மாதம். டாக்டர் சொன்னது ஆறு. ஒரு மாதம் கையில் இருந்தது. அந்த ஒரு பழத்தை அவள் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். அதற்குமேல் கடவுளிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

பூ சுருங்கி அடி பருத்தது. தினமும் போய்ப் பார்ப்பேன். எலுமிச்சை அளவுக்கு வந்தது. அவளைத் தோட்டத்துப் பக்கம் விடாமல், "வெயில் ஆகாது, தூசி ஆகாது" என்று ஏதாவது சொல்லித் தடுத்து வந்தேன். மச்சினி வாரம் ஒருமுறை அக்காவைப் பார்க்க வருவாள், வரும்போதெல்லாம் கடையில் மாதுளம்பழம் வாங்கி வருவாள். என் மனைவி நாலு முத்தை வாயில் போட்டுக்கொண்டு, "வீட்டுல மரத்தை வச்சுக்கிட்டுக் கடைப் பழம் தின்ன வச்சுட்டாரு பாரு உங்க அத்தான்" என்பாள். மச்சினி சிரிப்பாள். நான் எழுந்து போய்விடுவேன்.

ஒருநாள் மதியம் நான் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினேன். மிஷின் முன்னால் அவள் இல்லை. பின்பக்கமிருந்து குரல் வந்தது.

"இங்க கொஞ்சம் வாங்க."

செடியைக் குச்சியோடு கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கட்டப் போயிருக்கிறாள். ஆறு மாதம் ஆகிவிட்டதே, நான் மறந்திருந்தேன், அவள் மறக்கவில்லை. பழைய துணிப் பட்டை தரையில் கிடந்தது. அவள் ஒரு கிளையை விலக்கிப் பிடித்திருந்தாள்.

"இது என்ன?"

"காய்."

"அது எனக்கும் தெரியுது. எப்படி வந்துச்சு?"

"கவனிக்கல போல."

"யாரு, நீங்களா?"

நான் செடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கிளையை விடவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள்.

"டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அறுபத்தொரு வயசுக்காரன், பட்டப்பகலில், குழந்தை மாதிரி அழுதேன். அவள் அழவில்லை. என் தோளைப் பிடித்துப் படியில் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நாளாம்?"

"ஆறு மாசம். அதுலயும் ரெண்டு போயிடுச்சு."

"ஓ." விரலை மடக்கி எண்ணினாள். "அப்ப இது பழுத்துடும்."

"பழுத்துடும். அதான் விட்டேன்."

பிறகு இடுப்பில் சொருகியிருந்த நூல் வெட்டுகிற கத்தரியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"கிள்ளிடுங்க."

"போடி. பைத்தியமா உனக்கு?"

"மூணு வருஷம் ஆக இன்னும் அஞ்சு மாசம் இருக்கு."

"மூணு வருஷமாவது மண்ணாங்கட்டியாவது! உனக்கு ஒரு பழம் தராத மரம் நோஞ்சானா போனா என்ன, பட்டுப்போனா எனக்கென்ன?"

"கத்தாதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க. போன வருஷம் நான் கெஞ்சினப்போ நீங்க கிள்ளினீங்க இல்ல, எனக்கு அவ்வளவு கோவம் வந்துச்சு. ஆனா உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷமும் இருந்துச்சு. இந்த மனுஷன் அடுத்த வருஷம், அதுக்கு அடுத்த வருஷம்னு நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்துல்ல யோசிக்கிறாருன்னு. இந்தக் காயைப் பார்த்தா, என்னை மட்டும் தனியா பிரிச்சு வச்சுட்ட மாதிரி இருக்கு. எனக்கு இது வேண்டாம். எப்பவும் மாதிரி இருங்க. கிள்ளுங்க."

நான் மறுத்தேன். கெஞ்சினேன். முதல் முறையாக நான் அவளிடம் கெஞ்சினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அந்தச் சின்னக் கத்தரியால் காம்பை வெட்டினேன். காம்பு முற்றியிருந்ததால் மூன்று முறை வெட்ட வேண்டியிருந்தது. காயைத் தன் புடவையில் துடைத்து எடுத்துப்போய் மிஷின் பலகையில், கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அது கடைசிவரை அங்கேயே காய்ந்து கறுத்துக் கிடந்தது.

அன்றிலிருந்து அவள் வெளி வேலை எதையும் வாங்கவில்லை. சீருடையில் மிஞ்சிய நீலக் கட்டம் போட்ட துணியில் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்தாள். வாயில் நாடா கோத்தாள். "காய்க்கு மாட்டுறதுக்கு. இல்லாட்டி அணிலும் வண்டும் உங்களுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்காது" என்றாள். முடிந்த வாரத்தில் இரண்டு, முடியாத வாரத்தில் ஒன்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். பழையபடி சண்டை போட்டோம். நாடாவின் நீளம் ஒன்றுக்கொன்று சரியாக இல்லை என்று நான் சொல்லுவேன், மாதுளை ஒன்றும் வரிசையில் நின்று காய்க்காது என்று அவள் சொல்லுவாள்.

டாக்டர் சொன்ன ஆறு மாதத்தைத் தாண்டி இருந்தாள். ஒன்பது மாதம் இருந்தாள்.

நடுவில் அந்தக் காய் பழுத்திருக்க வேண்டிய நாளும் வந்தது. நான் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள்தான் படுக்கையிலிருந்து, "இன்னைக்கு அறுத்திருப்போம் இல்ல?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். "இனிப்பா இருந்திருக்குமோ என்னவோ" என்றாள். எனக்கு அவள் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றேன்.

அதற்கு நாலு மாதம் கழித்து ஒரு காலையில் போய்விட்டாள். பையன் வந்தான், பத்து நாள் இருந்தான், தன்னோடு வந்துவிடச் சொன்னான். செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நாலாம் வருஷம் மாதுளை பூத்தபோது கை தன்னால் போய் முதல் பூவைக் கிள்ளிவிட்டது. கிள்ளிய பிறகுதான் ஞாபகம் வந்தது. உள்ளே எடுத்துப்போய்க் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டேன். மிச்சத்தைத் தொடவில்லை. பிஞ்சு விட்டதும் அவள் தைத்த பைகளை எடுத்தேன். முப்பத்தாறு இருந்தது. காய் பதினான்கு. ஒவ்வொன்றாக மாட்டி நாடாவைக் கட்டினேன்.

மூன்று மாதம் போனது. ஒருநாள் தண்ணீர் ஊற்றும்போது பார்த்தேன், பைகள் இறுகிப் பிதுங்கிக்கொண்டிருந்தன. அவளுக்கே கணக்குத் தப்பிவிட்டது, சின்னதாகத் தைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு ஒன்றைக் கழற்றி உள்புறத்தைத் திருப்பினேன். நாலு விரல் துணி உள்ளே மடிந்திருந்தது. இரண்டு வரிசைத் தையல். ஊசி பிடிக்க முடியாமல் கை நடுங்கிய நாளில் தைத்த பை அது, தையல் கோணல் மாணலாக ஓடியிருந்தது. அதிலும் இரண்டு வரிசை.

அவளுடைய பிளேடை எடுத்துவந்து படியில் உட்கார்ந்தேன். உள் தையலைப் பிரித்தேன். பை அகலமானது. மாட்டிவிட்டு அடுத்ததை எடுத்தேன். பதினான்கையும் அப்படியே பிரித்தேன். அவள் இல்லாத வருஷத்தில் காய் எவ்வளவு பருக்கும் என்று யோசித்து எனக்காக நாலு விரல் துணி விட்டுவைத்திருக்கிறாள். அவளுக்காக ஒரே ஒரு காயை விட்டுவைக்க என்னால் முடியவில்லை.

சத்தமாகவே அழுதேன். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பார்த்தால் பார்க்கட்டும். பிரித்த நூலையெல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டுபோய் மிஷின் பலகையில், அந்தக் காய்ந்த காய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.