பன்னிரண்டு குரலுக்கு ஒரு டிஸ்க்

சலவைக் கம்பெனியில் இஸ்திரி போடுகிற நாலு பெண்களுக்குத் திங்கட்கிழமையிலிருந்து வேலை இல்லையென்று சொல்லிவிட்டார்கள். புது மெஷின் வந்துவிட்டதாம். துவைக்கிறவர்கள், மடிக்கிறவர்கள் எட்டுப் பேரும் அவர்களோடு சேர்ந்துகொண்டு ஒரு பாட்டுக் கட்டினார்கள். ஆளுக்கு ஒரு வரி. முடிவில் எல்லாரும் சேர்ந்து. அதைப் பதிவு செய்து திங்கட்கிழமை காலை கம்பெனி வாசலில் போடுவதென்று பேச்சு. நல்ல கூத்துதான் என்று சிரிக்காதீர்கள் கண்ணுகளா, கேளுங்கள்.

சனிக்கிழமை மத்தியானம். ஸ்டூடியோவில் ஆளுக்கொரு மைக்காகப் பன்னிரண்டு வைத்தார்கள். பாட்டு ஒன்பது நிமிடம். மூன்றாம் நிமிடத்தில் கம்ப்யூட்டர் நின்றது. டிஸ்க் ஈடுகொடுக்கவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. மறுபடி பாடினார்கள். அதே மூன்றாம் நிமிடம்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது ஸ்டூடியோ ஓனருடைய மச்சான். அவர் கையை விரித்தார்.

"பன்னெண்டு குரலை டிஸ்க் தாங்காதும்மா," என்றார் ஓனர். "முன்னாடி நிக்கிற எட்டுப் பேர் போதும். பின்னாடி நாலு பேர் வெளியே போய் டீ குடிங்க."

பின்னால் நின்றது யார்? அந்த இஸ்திரி போடுகிற நாலு பேரேதான். அவர்களில் ஒருத்திக்குக் கட்டைக்குரல் என்று பட்டப்பெயர்.

"அங்கயும் நாங்க நாலு பேரு, இங்கயும் நாங்க நாலு பேரா? ஏன் சார், எங்க நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?"

"நான் என்ன பண்றது? மெஷின் சொல்லுது."

"அங்கயும் மெஷின்தான் சொல்லிச்சு. தள்ளுங்க."

கட்டைக்குரல் மேஜைக்கடியில் குனிந்து ஒவ்வொரு வயராக விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"அக்கா, ஷாக் அடிக்கும்!" என்று பதறினார் மச்சான்.

"இருபது வருஷமா ஆவியில வெந்துட்டேன் தம்பி, இதுக்கு மேல என்ன? ஆமா, மைக் எல்லாம் சேர்ந்து வர்ற வயரும் டிஸ்க் வயரும் இந்தக் குட்டிப் பெட்டியிலதான் வந்து சேருதா?"

"ஹப்புக்கா. ஒரு வயரை நாலாப் பிரிக்கும்."

"கேமராவும் இதுல. ஓனர் போன் சார்ஜரும் இதுல. ஒரே குழாயில நாலு மெஷினுக்குத் தண்ணி விட்டா எது ரொம்பும்? டிஸ்கைப் பிடுங்கி நேரா கம்ப்யூட்டர்ல சொருகு."

சொருகினார். இந்தத் தடவை ஆறாம் நிமிடம் வரை ஓடிற்று. பிறகு டிஸ்க் கிர்கிர்ரென்று முனகி நின்றுவிட்டது.

"உள்ள என்ன வச்சிருக்கே?"

மச்சான் ஓனரைப் பார்த்தார். "மாமா பாக்கிற சினிமா... இருநூத்திச் சொச்சம்."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஓனர் முகம் சுண்டிப்போயிற்று.

"ரொம்பின அலமாரியில போர்வையை ஒரு மூலை, உறையை ஒரு மூலைன்னு இடம் தேடித் திணிச்சா கை ஓடுமா? காலி டிஸ்க் இல்லியா?"

மச்சானின் கண் தானாக ஷெல்பின் பக்கம் போனது. அங்கே பிரிக்காத புது டிஸ்க் ஒன்று இருந்தது.

"அது பெரிய பாடகருங்க வந்தா எடுக்கறதுக்கு!" என்று ஓனர் குறுக்கே வந்தார்.

"பன்னெண்டு பேர் ரூமை அடைச்சிட்டு நிக்கிறோம். இதைவிடப் பெருசா எங்க போய்ப் பிடிச்சிட்டு வருவீங்க?"

முன்வரிசை எட்டுப் பேரும் மைக்கை விட்டுவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்கள். "பாடுனா பன்னெண்டு. இல்லேன்னா எழுந்திரிக்க மாட்டோம்," என்றாள் ஒருத்தி. ஓனர் வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் ஷெல்பை நோக்கிக் கையை ஆட்டினார்.

மச்சான் உறையைப் பிரித்தார், நேராகச் சொருகினார். ஒன்பது நிமிடமும் ஒரு முனகல் இல்லை. திரையில் பன்னிரண்டு கோடுகளும் கடைசிவரை ஓடின.

திங்கட்கிழமை காலை கம்பெனி வாசலில் அந்தப் பாட்டு அலறியது. மேனேஜர் இறங்கி வந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் பாட்டு முடியட்டும் என்று நின்றுகொண்டிருந்தபோது, கட்டைக்குரலும் மற்ற மூன்று பேரும் அவரைத் தாண்டி உள்ளே போய் இஸ்திரிப்பெட்டிகளைச் சூடேற்றினார்கள்.