நாலாம் கட்டில் காலண்டர்

தினமும் காலை ஆறு மணிக்கு ஆயா வேலை பார்க்கும் உண்ணாமலை ஒரு குடம் தண்ணீரோடு மொட்டை மாடிக்குப் போவாள். அந்தப் பழைய பிரசவ விடுதியின் மேற்குச் சுவரில், கைப்பிடிச் சுவருக்குச் சற்றுக் கீழே, ஒரு விரிசலில் அரசங்கன்று முளைத்து இடுப்புயரம் வளர்ந்திருந்தது. எட்டிக் குனிந்து அதன் வேரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பேசுவாள்.

"இந்தாய்யா, நேத்து ரெண்டு பிரசவம். ஒண்ணு பொண்ணு, மூணு கிலோ. இன்னொண்ணு பையன். தாயும் புள்ளயும் நல்லா இருக்காங்க. நீ இன்னா, எலைய இப்படி உதுத்து வச்சிருக்க?"

நர்சுகள் கீழே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஆனால் யாரும் அவளை நேரில் கேலி செய்ததில்லை. அவள் புருஷன் காசி இருபது வருடம் அந்த விடுதிக்குக் காவல்காரனாக இருந்தவன். அவன் செத்துப்போன மறு மழைக்கு, அவன் நாற்காலி போட்டு உட்காரும் இடத்துக்கு நேர் மேலே இந்தக் கன்று துளிர்த்தது. பிள்ளை குட்டி இல்லாத உண்ணாமலைக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள், அதுவே தன் வீட்டுக்காரர் என்று முடிவு செய்துவிட்டாள்.

நம் ஊரில் அரசாங்கக் கட்டடத்துக்கு வயதாகிவிட்டால் இரண்டே வைத்தியம்தான். தீபத் திருவிழாவுக்கு முன்னால் சுண்ணாம்பு அடிப்பார்கள், இல்லாவிட்டால் இடித்துவிடுவார்கள். விடுதிக்கு முதல் வைத்தியம் எழுபது முறை நடந்துவிட்டது. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு தை மாதம், இரண்டாவது வைத்தியத்துக்கு அளவெடுக்க மணிமொழி என்ற இளம் பொறியாளர் வந்து சேர்ந்தாள்.

வந்தவள் சுவரைத் தட்டிப் பார்த்தாள். இரண்டடி அகலச் சுண்ணாம்புச் சுவர். கருங்கல் அஸ்திவாரம். மேற்குப் பக்கத்து விரிசலும், பிற்பகல் வெயிலில் வார்டு அடுப்பாகக் காய்வதும்தான் குறை.

"இத ஏன் ஆயாம்மா இடிக்கணும்?" என்றாள் உண்ணாமலையிடம். "புதுசா கட்டணும்னா எத்தினி செங்கல் சூளை எரியணும், எவ்ளோ சிமெண்டு வேணும்! அதுக்கு ஏசி போட்டா கரண்ட் ஜாஸ்தி. அந்தக் கரண்ட்டும் எங்கியோ நிலக்கரிய எரிச்சிதான வருது? அத்தனை புகையும் நம்ம தலைமேலதான். இந்த விரிசல அடைச்சிட்டு, செவுத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளி கம்பிப் பந்தல் நிக்க வச்சி கொடிய ஏத்தி வுட்டா போதும். வெயில கொடி வாங்கிக்கும், செவுரு குளுந்து கிடக்கும்."

மணிமொழியின் மேலதிகாரி இதற்கு ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. மாசி முடிவதற்குள் விரிசல் சரியாக வேண்டும். இல்லையென்றால் இடிக்கக் கையெழுத்து. இடித்துக் கட்ட இரண்டு வருடம் ஆகும். அதுவரை சுற்றுவட்டாரத்துப் பெண்கள் வலியோடு ஆட்டோ பிடித்துத் தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

விரிசலை அடைக்க வேண்டுமென்றால் அரசங்கன்று போயாக வேண்டும்.

கொத்தனார் இராமலிங்கம் ஏணியில் ஏறினார். குங்குமத்தைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

"அரச மரத்துல உளி வெக்க மாட்டேன் மேடம். நானு புள்ளகுட்டிக்காரன்."

மணிமொழிக்குக் கோபம் வந்தது. "போன தீபத்துக்கு வெள்ளையடிக்க வந்தப்போ, நர்சம்மா ஏத்தி வுட்ட அவரக்கொடிய மட்டும் வேரோட பிடுங்கிப் போட்டீங்களாமே? அது செவுத்த ஒண்ணும் பண்ணல. இது செவுத்தப் பொளக்குது. நல்லதப் பிடுங்கிட்டீங்க, கெட்டதக் கும்புடுறீங்க!"

"அது அவரக்கா மேடம். இது சாமி," என்றார் இராமலிங்கம்.

உண்ணாமலை ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னொருதரம் அவர சாகடிக்க வுட மாட்டேம்மா," என்றாள். மணிமொழியின் கோபமெல்லாம் அந்தச் சொல்லில் கரைந்துபோயிற்று. திரும்பிப் போனாள்.

நாட்கள் ஓடின. மாசியில் பத்து நாள் மிச்சமிருந்தபோது மணிமொழி மறுபடி வந்தாள். வார்டில் நாலாம் கட்டில் காலியாக இருந்தது. அதற்குரிய வேதா, பக்கத்து அடி அண்ணாமலை கிராமத்துப் பெண், கைக்குழந்தையோடு தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள்.

"ஏம்மா கீழ படுத்திருக்க?" என்று உண்ணாமலை அதட்டினாள்.

"செவுரு தோசக்கல்லு மாதிரி காயுது ஆயா. அதுகூடப் பரவால்ல. புள்ள மூஞ்சி மேல மண்ணு மண்ணா வுழுது. இன்னா அது? பாரேன், கண்ணுல."

உண்ணாமலை குனிந்தாள். மூன்று நாள் குழந்தை. மூடிய இமைமேல் பொடிப் பொடியாகச் சுண்ணாம்பு. முந்தானை நுனியை எடுத்து மெல்ல ஒற்றினாள். அது உதட்டைச் சுழித்து, தும்மி, மறுபடி தூங்கிவிட்டது.

உண்ணாமலை எழுந்து நின்றாள். நாலாம் கட்டிலுக்கு மேலே தொங்கிய காலண்டரை ஆணியோடு பிடுங்கினாள். பின்னால் விரல் நுழையும் அகலத்தில் வெடிப்பு. அதன் வழியாக அரச வேர் வார்டுக்குள்ளேயே இறங்கியிருந்தது.

"எனக்குத் தெரியும்மா," என்றாள் மணிமொழியிடம். "ஆறு மாசமா தெரியும். அதுக்குத்தான் காலண்டர இங்க மாட்டினேன். பார்த்தா வெட்டிருவீங்கன்னு பயம்."

மணிமொழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருபது வருசம் வாசல்ல உக்காந்தாரு. ஒரு கொழந்தைக்கு ஒரு கெடுதி வரவுட்டதில்ல. அவரு பேரச் சொல்லி நானே கொழந்த கண்ணுல மண்ணப் போட்டுட்டேனே!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எடுத்துரலாம். ஆனா வெட்டாத எடுக்க முடியுமா?"

"முடியும் ஆயாம்மா. செவுத்த அடைக்கத்தான போறோம்? நல்லா தொறந்தே எடுத்துருவோம்."

இராமலிங்கத்துக்கும் அப்போது மனம் வந்தது. வெட்டுவதற்கு வராத உளி, காப்பாற்றுவதற்கு வந்தது. இரண்டு நாள் கல் கல்லாகக் கழற்றி, அறுபடாத வேர்களோடு கன்றை ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். உண்ணாமலை அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனாள். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரம், வேதாவின் புருஷன் குழி வெட்டிவைத்துக் காத்திருந்தான். நட்டுவிட்டு, "இங்க பௌர்ணமிக்கு நெறைய ஜனம் வரும், உனக்குப் பொழுது போகும்யா," என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பினாள்.

விரிசல் சுண்ணாம்புச் சாந்தால் மூடப்பட்டது. கம்பிப் பந்தலில் சங்குப்பூவும் பீர்க்கையும் ரங்கூன் மல்லியும் ஏறின. துணி அலசிய தண்ணீரெல்லாம் அவற்றுக்கு. மறு வருடம் சித்திரையில் மணிமொழி வார்டில் மறுபடி வெப்பமானியைத் தொங்கவிட்டாள். பிற்பகல் மூன்று மணிக்கு, போன கோடையில் அளந்ததைவிட நாலு டிகிரி கம்மி. ஏசி வாங்கும் பேச்சு தானாகவே அடங்கிப்போயிற்று. நாலாம் கட்டிலில் ஒரு பெண் சுவரோரமாகவே குழந்தையைக் கிடத்தியிருந்தாள்.

அன்று மேலதிகாரி பார்வையிட வந்தார். மாடியில் உண்ணாமலை கைப்பிடிச் சுவர் இடுக்கிலிருந்து எதையோ கிள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டே இலை விட்ட ஓர் அரச முளை. அதை ஈர மண்ணோடு ஒரு கொட்டாங்கச்சியில் வைத்தாள்.

"சாமி மரமாச்சே, பிடுங்கலாமா?" என்று அவர் சிரித்தார்.

"சாமிக்குத் தரையில எடம் இருக்குதுங்க. அங்க கொண்டுபோய் வெப்பேன்," என்றாள் உண்ணாமலை. பிறகு பச்சைப் பந்தலைக் கையால் தடவிக்கொண்டே சொன்னாள். "பழைய செவுத்த இடிச்சித் தள்றதும் தப்புங்க. கும்புட்டுக்கினே இடிய வுடறதும் தப்புங்க. தெனம் பார்த்துக்கணும். அது நம்மளப் பார்த்துக்கும்."