ஆப்பிள் கன்றுக்கு நுளம்பு வலை

லண்டனில் சில்வண்டுக்கு எங்கே போவது? ஹரோவில் சிவமலரின் வீட்டுப் பின்வளவுக்கு நரி வரும், அணில் வரும், பக்கத்து வீட்டுப் பூனை கேட்டுக் கேள்வியில்லாமல் வரும். சில்வண்டு மட்டும் வந்ததேயில்லை. இது சிவமலருக்கும் நன்றாகவே தெரியும். அப்படியிருந்தும் சனிக்கிழமை காலை அவள் ஏணியில் ஏறி நின்று, முதன்முதலாகப் பூத்திருந்த ஆப்பிள் கன்றுக்கு நுளம்பு வலை போர்த்திக்கொண்டிருந்தாள்.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கணவர் குகதாசன், “உமக்கென்ன விசரே? இல்லாத பூச்சிக்கு ஆரப்பா வலை கட்டுறது?” என்றார்.

“அக்கா சொல்லியிருக்கிறா.”

மனுசன் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணி அக்கா இருப்பது அமெரிக்காவில், ஒகாயோவில். மூன்று வருடமாகத் தங்கையோடு பேச்சில்லை. சிவமலர் தன் மகளின் கல்யாணக் கார்டைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டதோடு சரி, அக்காவுக்குத் தனியாகப் போன் எடுத்துச் சொல்லவில்லை. மண்டபம், சாப்பாடு, ஓட்டம் என்று ஆயிரம் சாட்டு. கூடப்பிறந்தவளுக்கு வாயால் சொல்லாத கல்யாணத்துக்கு அவள் எந்த முகத்தோடு வருவாள்? வரவில்லை. பிறகு இவள் எடுத்த அழைப்பு ஒன்றுக்குக்கூடப் பதிலில்லை.

நேற்று அதே குழுவில் அக்கா எழுதியிருந்தாள்: “இந்த வருசம் சில்வண்டு கூட்டமாய் வெளிக்கிடப் போகுது. கொப்புகளைக் கீறி முட்டை போடும். இளமரம் வைச்சிருக்கிற ஆக்கள் வலை போட்டு மூடுங்கோ.”

அங்கே இருக்கும் சொந்தக்காரருக்குத்தான் அது என்பது சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் எல்லாருக்கும் என்றால் தனக்கும்தானே! சிவமலர் அந்த ஒரு நூலை விடுவதாயில்லை. வலையைக் கட்டி முடித்ததும் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். “மூடிட்டன் அக்கா.”

அக்கா பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் இல்லை. பாவம் சிவமலர், அடுப்பில் சோறு குழைந்ததுகூடத் தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறையும் இல்லையென்றால் இனி எப்போதும் இல்லை என்று பட்டது.

பின்னேரம் போன் அடித்தது. அக்காதான்!

“எடியே விசரி! பூத்து நிக்கிற மரத்தைப் போய் மூடி வைச்சிருக்கிறாய். தேனீ எந்தப் பக்கத்தாலை உள்ளுக்குப் போறது? பிறகெப்பிடிக் காய் பிடிக்கும்? லண்டனிலை எங்கையடி சில்வண்டு? கழட்டு முதல் அந்த வலையை!”

சத்தம் அடுப்படி முழுக்கக் கேட்டது. குகதாசன் ஏணியைத் தூக்கிக்கொண்டு வளவுக்குப் போனார்.

“உனக்கு எழுதினால் விளங்காது. அதுதான் எடுத்தனான்” என்றாள் அக்கா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “விளங்கிச்சுதோ?”

எல்லாம் விளங்கியது. சிவமலர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இல்லை அக்கா” என்றாள். “இன்னொருக்காச் சொல்லுங்கோ.”