டோறின் ஆன்ட்டி கேட்ட சரக்கு

கரூரிலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்க வந்த நிதினுக்கு அந்த அறை கிடைத்ததிலிருந்து தலைகால் புரியவில்லை. பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு வீடு, அந்த வீட்டில் அவனுக்கென்று ஓர் அறை, அந்த அறைக்கு ஒரு கதவு. கதவு என்றால் சாத்தக்கூடிய கதவு! மவுண்ட் ரோஸ்கில்லில் கரூர், கடலூர், நாமக்கல் என்று பாதித் தமிழ்நாடு படுத்துறங்கிய ஹாலில், யார் கால் யார் தலைமாட்டில் என்று தெரியாமல் ஒரு செமஸ்டரை ஓட்டியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். குடிவந்த அன்று அவன் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி விளையாடியதைப் பார்த்த வீட்டுக்காரர் யோகராஜா அங்கிள், கீல் ஏதும் பழுதா என்று அக்கறையாக விசாரித்தார்.

ஆனால் அறை இன்னும் முழுசாக அவனுடையதாகிவிடவில்லை. அங்கிளின் மனைவி டோறின் ஆன்ட்டிதான் வீட்டுக்கு ராணி. யாழ்ப்பாணத்துக்காரர், சபை, செபம் என்று இருப்பவர், கறார் பேர்வழி. "ஒரு கிழமை இருந்து பாருங்கோ தம்பி. உங்களுக்கு எங்களைப் பிடிக்கோணும், எங்களுக்கும் உங்களைப் பிடிக்கோணும். பேந்து கதைப்பம்" என்று சொல்லியிருந்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று. "இந்த வீட்டுக்குள்ள குடி வரக்கூடாது." முன்பு அங்கே இருந்த ஒரு மாணவன் பிறந்தநாள் கொண்டாடிவிட்டு வந்து, வாசலில் இருந்த குப்பைத்தொட்டியைக் கட்டிப்பிடித்து அம்மா அம்மா என்று அழுதானாம். மறுநாளே அவனுக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"தொடவே மாட்டேன் ஆன்ட்டி" என்று நிதின் பயபக்தியோடு சொன்னான். அதில் பொய்யும் இல்லை. பீர் வாடை பட்டாலே அவனுக்குத் தும்மல் வந்துவிடும்.

மொழிதான் படுத்தியது. அதுவும் தமிழ், இதுவும் தமிழ் என்று நம்பித்தான் அவன் ஆழம் தெரியாமல் காலை விட்டிருந்தான். முதல் நாள் சாப்பாட்டு மேசையில் ஆன்ட்டி, "ஆறுதலாச் சாப்பிடுங்கோ தம்பி" என்றார். அவனுக்குத் திக்கென்றது. புள்ளியியல் பரீட்சையில் ஊற்றிக்கொண்ட விஷயம் இவருக்கு எப்படித் தெரிந்தது? பார்த்தவர்கள் ஆறுதல் சொல்கிற அளவுக்கா நம் முகம் கிடக்கிறது? மனசு இளகி, வாங்கிய மார்க்கு, வாத்தியார் திட்டியது, அப்பாவிடம் மறைத்தது எல்லாவற்றையும் இடியப்பத்தோடு சேர்த்துக் கொட்டிவிட்டான். அவசரப்படாமல் சாப்பிடு என்பதைத்தான் யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொல்வார்கள் என்று அங்கிள் விளக்கியபோது, மறைப்பதற்கு அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

அந்த வீட்டில் ஒரு கவலை இருந்தது. மகள் துஷானி பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். கணவன் ரொஷானுக்கு வெலிங்டனில் வேலை. மூக்கும் முழியுமாகப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. ஆனால் பிறந்த நாள் முதல் துஷானி சிரிக்கவில்லை. சாப்பாட்டைத் தொட மறுத்தாள். குழந்தைக்குப் பாலைக் கொடுத்துவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிட்வைஃப் வந்து, தாய்மார் பலருக்கு இப்படி வருவதுண்டு, கூடவே இருந்து கவனியுங்கள், நானும் அடிக்கடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். டோறின் ஆன்ட்டி தட்டும் கையுமாக நின்று, "ஒரு வாய் குஞ்சு, ஒரேயொரு வாய்" என்று கெஞ்சுவது அடுத்த அறையில் நிதினுக்குக் கேட்கும். அதைக் கேட்டபடி எவனால் கதவை வைத்து விளையாட முடியும்? அவனுக்கும் சோறு இறங்காமல் போயிற்று.

ஆன்ட்டி சொன்ன ஒரு வாரம் முடிகிற சனிக்கிழமை வந்தது. அவன் யூனிவர்சிட்டி லைப்ரரிக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது, ஆன்ட்டி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, வரேக்க கொஞ்சம் சரக்கு வாங்கிக்கொண்டு வாங்கோ."

ஷூவுக்குள் போன கால் பாதியில் நின்றது. "சரக்கா?"

"ஓம். வீட்டில இருந்தது முடிஞ்சு போச்சு. பிள்ளை பெத்த உடம்புக்குச் சரக்குத்தானே மருந்து? காலமையும் பின்னேரமும் சரக்குப் போட்டுத்தான் குடுக்கிறனான். அவள்தான் வாய் வைக்கிறாளில்லை."

"எந்த... எந்தச் சரக்கு ஆன்ட்டி?"

"எல்லாம் கலந்தது. பிள்ளை பெத்தவைக்கெண்டு கேளுங்கோ, கடைக்காரருக்குத் தெரியும். பின்னேரம் செபக்கூட்டம், அதுக்கு முதல் வந்திடுங்கோ."

கரூரில் சரக்கு என்றால் பாட்டிலில் வருவது. சரக்குப் போடுவது என்றால் அந்தப் பாட்டிலைக் காலி செய்வது. இதில் இரண்டாவது அர்த்தத்துக்கு இடமே கிடையாது. குடியே கூடாது என்ற வீட்டில், பச்சை உடம்புக்காரிக்கு, காலையும் மாலையும் சரக்கு! பஸ் ஏறிய கையோடு நிதின் தன் நண்பன் அகிலுக்கு போன் போட்டான். மவுண்ட் ரோஸ்கில் ஹாலில் அவன் தலைமாட்டில் கால் வைத்துப் படுத்தவன் இந்த அகில்தான். சனிக்கிழமைகளில் புக்கெகோஹியில் கேரட் பேக்கிங் வேலை. மிஷின் சத்தத்துக்கு நடுவே அவன் கத்தினான்.

"டேய், பிராந்திடா! எங்க ஊர்ல பெத்தவங்களுக்கு ரெண்டு ஸ்பூன் பிராந்தி ஊத்துவாங்கடா. சூடு பண்ணும்னு சொல்வாங்க. அதான்!"

"நெஜமாவா? ஒருவேளை டெஸ்ட் வைக்கிறாங்களோ? இன்னைக்குத்தான் ஒரு வாரம் முடியுது."

அகில் யோசித்தான். கேரட்டுகள் உருளும் சத்தம் கேட்டது. "வாங்கிட்டுப் போனா குடிகாரன். வாங்காம போனா சொன்ன பேச்சு கேக்காதவன். எப்படியும் உனக்கு ஆப்புதான். பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரத்துல ஏறித்தான்டா ஆகணும். வாங்கிட்டுப் போ!"

இப்படிப்பட்ட மதியூகி ஒருவன் நண்பனாக வாய்த்துவிட்டால் எதிரி எதற்கு? லைப்ரரியில் நிதின் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு துஷானியின் வெறித்த பார்வையையே நினைத்துக்கொண்டிருந்தான். பாவம், இது மருந்தென்றால் மருந்தாகவே இருக்கட்டும் என்று முடிவு கட்டினான். திரும்பும் வழியில் சாண்ட்ரிங்ஹாமில் இறங்கி, மணக்க மணக்க நின்ற மசாலாக் கடையைக் கடந்து, பக்கத்து மதுக்கடைக்குள் வாழ்க்கையில் முதன்முறையாகக் காலை வைத்தான். உடனே தும்மினான்.

கடையில் தலைப்பாகை கட்டிய ஓர் இளைஞன் நின்றான். பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்லி வயதைச் சரிபார்த்துவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டான். குழந்தை பெற்றவர்களுக்கு ஏற்ற பிராந்தி என்று நிதின் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னதும், அவன் கல்லாவைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தான்.

"கங்கிராட்ஸ் பிரதர்! பாயா, கேர்ளா?"

"கேர்ள்... ஆனா, நான் இல்ல..."

யார் கேட்டார்கள்? வரிசையில் நின்ற கிழவர் ஒருவர் கைகுலுக்கினார். பீர் பெட்டியோடு நின்ற இரண்டு பேர் கைதட்டினார்கள். கடைக்காரன் பாட்டிலின் கழுத்தில் ரோஸ் நிற ரிப்பனைக் கட்டி, அதில் ஒரு குட்டி பலூனையும் முடிந்து கொடுத்தான். கல்யாணம் ஆகாத நிதின் தகப்பனாகி, முகமெல்லாம் சிவந்து வெளியே வந்தான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

பஸ் தாமதமாகிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தபோது செபக்கூட்டம் தொடங்கியிருந்தது. ஹால் நிறையப் பெண்கள். நடுவில் யோகராஜா அங்கிள் குனிந்த தலை நிமிராமல் அமர்ந்திருந்தார். பூனை மாதிரி சுவரோரமாக நழுவப் பார்த்தவனை ஆன்ட்டி பிடித்துவிட்டார்.

"வந்திட்டீங்களோ? சரக்குக் கிடைச்சுதோ?"

நிதின் பையை மார்போடு அணைத்துக்கொண்டான். "ஆன்ட்டி... கொஞ்சம் உள்ள வாங்களேன்."

"ஏன், இஞ்ச தாங்கோவன்" என்று ஆன்ட்டி பைக்குள் கையை விட்டார். முதலில் பலூன் வெளியே வந்தது. அப்புறம் ரிப்பன். ரிப்பனைப் பிடித்துக்கொண்டு பாட்டிலும் வந்தது.

ஆமென் சொல்ல வாயைத் திறந்த ஓர் அம்மா திறந்தபடியே இருந்தார்.

"இது என்ன?" ஆன்ட்டியின் குரல் மெதுவாகத்தான் வந்தது. கத்தியிருந்தால்கூட நிதின் தாங்கியிருப்பான்.

"சரக்கு ஆன்ட்டி. நீங்கதானே... பெத்த உடம்புக்கு மருந்துன்னீங்க. வீட்ல இருந்தது தீந்துபோச்சுன்னீங்க. காலைலயும் சாயங்காலமும் போட்டுக் குடுக்கிறேன்னீங்க!"

எல்லாத் தலைகளும் ஆன்ட்டி பக்கம் திரும்பின. யாரோ பைபிளை மூடினார்கள். முன்வரிசையில் இருந்த சாந்தகுமாரி, யுத்த காலத்தில் பல வருடம் சென்னையில் இருந்தவர், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "ஐயோ டோறின்! அங்க சரக்கெண்டால் சாராயமடி! தம்பி, எங்கட ஆக்கள் சரக்கெண்டு சொல்லுறது மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள். பிள்ளை பெத்தவைக்குக் கறியில போடுற தூள்!"

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

முதலில் விக்கல் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அறை வாசலில் குழந்தையைத் தோளில் போட்டபடி துஷானி நின்றுகொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. "அம்மா... காலமையும்... பின்னேரமும்..." அதற்குமேல் முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். "பலூனும் கட்டி!" என்று மறுபடி தொடங்கினாள். அங்கிள் பாய்ந்துபோய்க் குழந்தையை வாங்கிக்கொண்டு தானும் குலுங்கினார். அது போதும், மடை திறந்ததுபோல் ஹால் முழுவதும் சிரித்தது. செபக்கூட்டத்தில் அப்படியொரு சிரிப்பை அந்தச் சபை கண்டதில்லை.

டோறின் ஆன்ட்டி மட்டும் சிரிக்கவில்லை. பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

போச்சு. சபை முன்னால் வீட்டுக்காரியின் மானத்தை வாங்கிவிட்டு யாராவது அறை கேட்க முடியுமா? நிதின் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, சட்டைகளைப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தான். அழுகை வந்தது. இனி மவுண்ட் ரோஸ்கில் ஹாலும் அகிலின் காலும்தான்.

கதவு திறந்தது. ஆன்ட்டியின் கண்கள் சிவந்திருந்தன.

"எங்க வெளிக்கிட்டிட்டீங்கள்?"

"மன்னிச்சிருங்க ஆன்ட்டி. தெரியாம செஞ்சுட்டேன். நானே போயிடறேன்."

அவர் பையை வாங்கித் தலைகீழாகக் கட்டிலில் கவிழ்த்தார். பிறகு அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை சிரிச்சவள் தம்பி. கேட்டனீங்களோ? என்ர பிள்ளை சிரிச்சவள். இப்ப பசிக்குதாம், மீன்கறி வேணுமாம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி கறாரானார். "நீங்கள் ஓரிடமும் போகேலாது. அங்கிள் காரை எடுக்கிறார். கெதியாப் போய்ச் சரக்கு வாங்கிக்கொண்டு வாங்கோ."

அவன் அங்கிளை முந்திக்கொண்டு காருக்கு ஓடினான். சாண்ட்ரிங்ஹாமில் கார் நிற்கும் முன்பே கதவைத் திறந்தான். மசாலாக் கடைக்குள் மூச்சிரைக்கப் போய், "சரக்கு வேணும்! எல்லாம் கலந்தது, பிள்ளை பெத்தவங்களுக்கு!" என்று கடை அதிரச் சொன்னான்.

கல்லாவில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்துச் சிரித்தார். "ஆற்ற வீட்டில தம்பி பிள்ளை?" யார் வீட்டில் என்று கேட்கிறார்; இம்முறை நிதினுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"எங்க வீட்டுல" என்றான் நிதின்.