அக்கரைக்கு மட்டும் விடுமுறை

ஷீபா ஒன்று சொன்னால் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பது அக்கரைத் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். போன வருஷம் வெயில் மண்டையைப் பிளந்த ஒரு வியாழக்கிழமை, கனமழை காரணமாகப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று முத்திரையெல்லாம் ஒட்டி வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டாள். பாதிப் பள்ளிக்கூடம் வரவில்லை. வெளியே எட்டிப் பார்க்காமல் ஃபோனைப் பார்த்து நம்பிய பெற்றோரைத்தான் முதலில் தண்டித்திருக்க வேண்டும், ஆனால் தோப்புக்கரணம் போட்டது அவள்தான்.

பள்ளிக்கூடம் இருப்பது ஆற்றுக்கு இக்கரையில், தஞ்சாவூர் மாவட்டம். பாலத்தைத் தாண்டினால் அக்கரை, திருவாரூர் மாவட்டம். ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை மொத்தம் நூற்றுப் பதினான்கு பிள்ளைகள், அதில் முப்பத்தெட்டுப் பேர் அக்கரைக்காரர்கள். மழைக்காலத்தில் இவர்களுக்கு அடிக்கும் யோகம் வேறு யாருக்கும் அடிக்காது. தஞ்சாவூர் கலெக்டர் லீவு விட்டால் பள்ளிக்கூடமே பூட்டு. திருவாரூர் கலெக்டர் லீவு விட்டால், எங்கள் மாவட்டத்துக்கு லீவு என்று இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். பள்ளி எந்த மாவட்டமோ அந்த மாவட்டத்து உத்தரவுதான் செல்லும் என்று ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டும் பயனில்லை. இந்தச் சட்டத்தை முதலில் கண்டுபிடித்துத் தெருவுக்குச் சொல்லிக்கொடுத்தவள், ஏழாம் வகுப்பில் படித்த ஷீபாதான்.

அப்பேர்ப்பட்டவள் பத்தாம் வகுப்பில் திருந்தினாள் என்று சொல்ல மாட்டேன். அவளுக்கு ஒரு விஷயம் உறுத்தியது, அவ்வளவுதான். மன்னார்குடிக்குப் போகிற பேருந்தில் ஒரு பெரியவர் எல்வினிடம், எந்தப் பள்ளிக்கூடம் தம்பி என்று கேட்டார். எல்வின் ஆறாம் வகுப்பு, அரை ஆள். அவன் சட்டைப் பையில் இருந்த பள்ளிப் பெயரைக் கையால் மூடிக்கொண்டு, மன்னார்குடியில் ஒரு பெரிய பள்ளியின் பெயரைச் சொன்னான். அவனை ஒரு அறை அறையலாம் என்று திரும்பிய ஷீபாவுக்கு அப்போதுதான் தெரிந்தது, அவளும் ஏறியதிலிருந்து துப்பட்டாவை இழுத்து அதே பெயரை மூடிக்கொண்டுதான் நிற்கிறாள். அன்று முழுக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் தலைமையாசிரியை சரசா டீச்சரிடம் போய், இந்த வருஷம் ஆண்டு விழா வைக்க வேண்டும் என்று கேட்டாள். ஒன்பது வருஷமாக விழா கிடையாது. மேடையில் கோழிகள் குடித்தனம் நடத்தின. முன்னூறு பிள்ளைகள் இருந்த பள்ளி நூற்றுப் பதினான்குக்கு இறங்கி, இன்னும் இரண்டு வருஷத்தில் மூடிவிடுவார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. மூடப்போகிற கடைக்கு யார் வெள்ளையடிப்பார்கள் என்பது டீச்சரின் எண்ணம். அதை வெளியில் சொல்லாமல் வேறு மாதிரி சொன்னார். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரே ஒரு நாள், நூற்றுப் பதினான்கு பேரும் வந்து உட்காரட்டும், அன்றைக்கே விழாவுக்குத் தேதி குறிக்கிறேன் என்றார். முடியாது என்பதை முடியும் என்ற வார்த்தையால் சொல்வதற்குப் படிப்பு வேண்டும். டீச்சர் எம்.ஏ., எம்.எட்.

ஷீபா விடவில்லை. புதன்கிழமை சத்துணவில் ஆளுக்கு ரெண்டு முட்டை என்று ஒரு புரளியைக் கிளப்பினாள். நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் இரண்டாவது முட்டை கேட்டு வரிசையில் நின்றதும், சமையல்காரர் அமிர்தம் கரண்டியோடு ஷீபாவைத் தேடினார். அடுத்த முறை நூற்றுப் பதின்மூன்று. அன்று கூத்தாநல்லூரில் சித்தி கல்யாணம் என்று ஷமா போய்விட்டாள். அதற்கும் அடுத்த முறை ஒன்பதாம் வகுப்பு ஜெனித். மதகில் மீன் ஏறுகிற நாளில் அவனைப் பள்ளியில் பார்ப்பது அமாவாசையில் நிலா பார்ப்பது மாதிரி.

மிஞ்சியது ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை தேர்வு ஆரம்பம். ஷீபா ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கிவிட்டாள். ஷமா அல்லா மேல், ஜெனித் தன் தூண்டில் மேல்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தூறல் போட்டது. ஆறரைக்கு டிவியில் எழுத்து ஓடியது: திருவாரூர் மாவட்டத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை. தஞ்சாவூருக்கு ஒன்றும் இல்லை.

ஷீபா குடையைக்கூட எடுக்காமல் ஓடினாள். முதல் வீடு ஜெனித் வீடு. இன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டு, அவனை அனுப்புங்கள் என்று அவன் அம்மா அருள்மேரியிடம் மூச்சிரைக்கச் சொன்னாள். அருள்மேரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடம் இருந்த அன்னிக்கு லீவுன்னு சொன்னே. லீவு விட்ட அன்னிக்கு இருக்குன்னு சொல்றே. உனக்கு என்னடி வேணும்?"

அடுத்த வீட்டில் சிரித்தார்கள். அதற்கடுத்த வீட்டில், நீ போட்ட சட்டம்தானே என்று கேட்டார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று ஷீபாவுக்கு அன்று விளங்கியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மழையில் யாருக்கும் தெரியாது என்பதால் கொஞ்சம் அழவும் செய்தாள்.

தெருமுனையில் மீன்காரர் ஜெக்கரியா வந்துகொண்டிருந்தார். வண்டிக்குப் பின்னால் ஐஸ் பெட்டி, முன்னால் ஒலிபெருக்கி. மீன் வாடையைத் தவிர அவர் மேல் யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை. பழைய மீனைப் பழைய மீன் என்றே சொல்லி விற்கிற மனிதர். ஷீபா வண்டியை மறித்து விஷயத்தைச் சொன்னாள். இந்த ஒரு தடவை பொய் இல்லை மாமா என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அவர் தஞ்சாவூரில் இருக்கும் மச்சானுக்கு ஃபோன் போட்டு, அங்கே லீவு இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் மைக்கை எடுத்தார்.

தெரு முழுக்கக் கேட்டது. விரால் இருக்கு, கெளுத்தி இருக்கு, அக்கரைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இருக்கு, கெண்டை கிலோ நூத்தி அறுபது, ஒன்பதேகால் மணிக்குப் பிரேயர். சட்டியோடு வெளியே வந்த பெண்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு, ஜெக்கரியாவே சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உள்ளே திரும்பி, போர்வைகளை உருவினார்கள். அருள்மேரி அரைக்கிலோ கெளுத்தியை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, மகனைத் தூக்கிக்கொண்டு வந்து தெருவில் விட்டாள்.

உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, குடைக்கு மூன்று பேராக, முப்பத்தெட்டுப் பேரும் பாலத்தைக் கடந்தார்கள். ஷீபா மூன்று முறை எண்ணினாள். பள்ளி வாசலில் இக்கரைப் பிள்ளைகள் எழுபத்தாறு பேரும் நின்றார்கள். கூட்டிப் பார்த்து அவள் ஒரு குதி குதித்தாள்.

பிரேயர் மணி அடிக்கும்போது மழை வலுத்துக் கொட்ட ஆரம்பித்தது. எல்லோரையும் பெரிய கூடத்தில் உட்காரச் சொன்னார்கள். சரசா டீச்சர் வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்தார். அப்போது அவர் ஃபோன் அடித்தது. பேசிவிட்டு வந்தவர், தஞ்சாவூர் மாவட்டத்துக்கும் இப்போது லீவு அறிவித்துவிட்டார்கள் என்றார். உத்தரவு உத்தரவுதான், இன்றைக்கு வருகைப் பதிவேட்டைத் தொட முடியாது, எல்லோரும் பத்திரமாக வீட்டுக்குப் போகலாம்.

இனி நாள் இல்லை. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடப்போகிற சத்தத்துக்காக ஷீபாவுக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

சத்தம் வரவில்லை. முன்வரிசையில் எழுந்து நின்ற ஜெனித், லீவு என்றால் முதலில் வாசலைத் தாண்டுகிற ஜெனித், மறுபடி சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"நான் போகல டீச்சர்."

அவன் பக்கத்தில் எல்வின் உட்கார்ந்தான். அப்புறம் ஷமா. பிறகு யார் யார் என்று பார்க்க முடியவில்லை, கூடமே உட்கார்ந்துவிட்டது.

இந்த மழையில் எப்படியும் அனுப்ப முடியாது, விடுகிற வரைக்கும் இருங்கள் என்றார் சரசா டீச்சர். பிறகு பதிவேடு இல்லாமல், கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல், ஆறாம் வகுப்பிலிருந்து பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயரும் இனிஷியலோடு, வரிசை பிசகாமல் வந்தது. டீச்சருக்குத் தலைகளின் எண்ணிக்கைதான் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்த ஷீபா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர் என்று மழைக்கு மேலே குரல்கள் ஏறின. போகப் போக டீச்சரின் குரல் தடுமாறியது, ஆனால் பெயர் ஒன்றுகூடத் தவறவில்லை.

பத்தாம் வகுப்புப் பெண்களில் கடைசிப் பெயர் அவளுடையது.

"எஸ். ஷீபா."

உலகத்தில் உள்ள பொய்யையெல்லாம் அநாயாசமாகச் சொன்ன வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அவளுக்காகக் கூடம் மொத்தமும், நூற்றுப் பதின்மூன்று பேரும், உள்ளேன் டீச்சர் என்று கத்தினார்கள்.

சரசா டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"ஒருத்தருக்காக இன்னொருத்தர் சொன்னா கணக்குல சேராது. அவளே சொல்லட்டும். அப்புறம் தேதி குறிக்கலாம்."