பெரியவருக்குச் சீகிரியாவில் வேலை கிடைத்த வரலாறு

இலங்கையில், மாத்தளைப் பக்கத்து நாவுலவில் யாராவது வாய் திறந்து ‘எலிபன்ட்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் யானை வந்துவிடும். தமிழில் சொன்னால் வராது, சிங்களத்தில் சொன்னாலும் வராது, எழுதிக் காட்டினாலும் வராது. வாயால் சொல்ல வேண்டும். தேநீர் ஆறுவதற்குள் வந்து நிற்கும். வாசல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் உள்ளே நுழையும். நிலை உடையாது, சுவர் வெடிக்காது, யானையும் சிறுத்துப் போகாது. எப்படி என்று ஆரம்பத்தில் சிலர் கேட்டார்கள். பிறகு வெங்காயம் நடும் காலம் வந்துவிட்டதால் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

இதில் முதலில் நட்டமடைந்தவர் நடராஜா. சோளம் போடுகிறவர். காடு வெட்டிப் பயிர் செய்யும் சேனைகளில் காவல் நிற்பவர்கள் யானையின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், ‘பெரியவர்’ என்றுதான் சொல்வார்கள். பெயரைச் சொன்னால் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வந்துவிடுமாம். சிங்கள விவசாயிகளும் தங்கள் மொழியில் இதே கட்டுப்பாட்டை வைத்திருந்தார்கள். இப்படி இரண்டு கதவையும் பூட்டிவிட்டு எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். மூன்றாவது கதவு திறந்து கிடந்தது யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கம் ஆங்கிலம் பேச ஆளே இல்லை.

மாத்தளை டவுனிலிருந்து றஸ்மியா டீச்சர் வந்து, நடராஜாவின் சோளக் காணிக்கு அடுத்த வீட்டை வாடகைக்கு எடுத்து, ஹோட்டல் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு ஆங்கில வகுப்புத் தொடங்கினார். நடராஜாவின் மகள் விதுஷாவும் சேர்ந்தாள். முதல் நாள் சுவரில் மாட்டிய எழுத்துப் படத்தைப் பார்த்து வகுப்பே ஒரே குரலில் ‘ஈ ஃபார் எலிபன்ட்’ என்றது. யானை வந்து கடைசி வாங்குப் பலகைக்குப் பின்னால் நின்றது. டீச்சர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு இஸட் வரை பாடத்தை முடித்தார். யானையும் இஸட் வரை நின்று பார்த்தது. தனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை என்று தெரிந்ததும் வெளியே போய், வேலியைத் தாண்டி, ஒரு வரிசைச் சோளத்தைத் தின்றது.

பக்கத்துக் காணி நல்லையா வேலியோரம் வந்து நின்றார். “என்ன நடராஜாண்ணே, பெரியவருக்கு இங்கிலீசுதான் வெளங்குதாம். நீங்க தமிழ்ல ஏசிக்கிட்டே நில்லுங்க.” அவர் ஒரு விளக்கமும் வைத்திருந்தார்: அது துரைமார் காலத்தில் தோட்டத்தில் மரம் இழுத்த யானையாக இருக்கும், அந்தப் பெயரில் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று நினைத்து வருகிறது. இதைவிட நல்ல விளக்கம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

நடராஜா வகுப்புக்குப் போனார். “டீச்சர், அந்த ஒரு சொல்லு மட்டும் வேணாங்க.”

“நான் என்னத்தச் செய்யிற? படத்துல அவர்தானே நிக்கிறார்,” என்றார் றஸ்மியா டீச்சர். ஆனாலும் நல்ல மனுஷி. மறுநாளிலிருந்து வகுப்பு ‘ஈ ஃபார் பெரியவர்’ என்று படித்தது. அந்தச் சொல்லை எந்த ஊரிலும் சொல்லமாட்டேன் என்று சோளத்தட்டையில் கைவைத்து விதுஷா சத்தியம் செய்தாள்.

அதற்குப் பிறகு நிலைமை மோசமானது. கூப்பிட ஆளில்லாத யானைக்குப் பொழுது போகவில்லை. வழியும் ருசியும் தெரிந்துவிட்டதால் தானாகவே வந்து சோளத்துக்குள் குடியேறியது. யானை வெடி கொளுத்திப் போட்டால் காதை ஆட்டியது, தகரம் தட்டினால் தலையை ஆட்டியது. காணியில் பாதி போய்விட்டது. மீதியும் போனால் அடுத்த போகத்துக்கு நடராஜாவிடம் விதைகூட இருக்காது.

விதுஷா சீகிரியாவில் ஒரு ஹோட்டலுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போன நாளில் அவர் தகரத்தோடு காணியில் நின்றார். தின்றுகொண்டிருந்த யானை திடீரென்று தலையைத் தூக்கியது. வாயிலிருந்த கதிரை மரியாதையாகக் கீழே வைத்தது. பிறகு அந்த இடத்தில் யானை இல்லை. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

“அப்பா, ஏசாதீங்க. சொல்லிட்டேன்.”

“சத்தியம் பண்ணினியே!”

“இங்க பாக்க என்னென்ன இருக்குன்னு மேனேஜர் கேட்டாருப்பா. மலை, குளம், பெரியவர்னு சொன்னேன். பெரியவர்னா யாரு, ஒங்க தாத்தாவான்னு எல்லாரும் சிரிச்சாங்க. வாய் தவறலப்பா, வேணும்னேதான் சொன்னேன்.”

“வந்துச்சா?”

“வந்துச்சு. வெள்ளக்காரங்க பெட்டிய எல்லாம் மேல தூக்கிட்டுப் போகுது.”

“படியிலயா?”

“லிப்ட்லப்பா.”

நடராஜா காணியைப் பார்த்தார். காற்றைத் தவிர அங்கே யாரும் இல்லை. “வேல என்னாச்சு?” என்றார்.

“ரெண்டு பேருக்கும் குடுத்துட்டாங்க.”

அன்றிலிருந்து யானைக்குச் சோளம் தின்ன நேரமில்லை. சீகிரியாவில் வெள்ளைக்காரர்கள் காலைச் சாப்பாட்டில் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள், மலையடியில் சொல்கிறார்கள், நீச்சல் குளத்தில் சொல்கிறார்கள். அது எல்லா இடத்துக்கும் போய் எல்லாப் பெட்டியையும் தூக்குகிறது. வெள்ளைக்காரர்கள் வருவது குறைந்த மாதங்களில் எப்போதாவது நாவுலப் பக்கம் வந்தால் நடராஜா போன் போடுவார். “விது, பெரியவர் வந்திருக்காரு.” “இருங்கப்பா, கெஸ்ட் இருக்காங்க,” என்பாள் அவள். அந்த இடைவெளியில் யானை ஒரு கதிர் தின்னும், அவர் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அவள் அங்கே சொல்வாள், இங்கே இடம் காலியாகும். நல்லையாவும் இப்போது சோளம்தான் போடுகிறார், ஹோட்டல் நம்பரைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்.

தைப்பொங்கலுக்கு விதுஷாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஹோட்டல் நிறைந்திருந்தது. நடராஜா பொங்கலை இறக்கி வைத்துவிட்டுக் காணிக்குள் போய் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஆங்கிலச் சொல்லைச் சொன்னார். உச்சரிப்பு அவ்வளவு சரியில்லை. யானை வந்தது. தும்பிக்கையில் ஒரு சிவப்புப் பெட்டி இருந்தது. பெட்டிக்கு அறை எண் அட்டையைக் கட்டிக்கொண்டிருந்த விதுஷா, பிடியை விடாமல் அதோடு சேர்ந்து வந்திருந்தாள்.

“லீவு தரலன்னு சொன்னேன்லப்பா!”

“ஒன்னய யாரு கூப்பிட்டா? நான் பெரியவரத்தான் கூப்பிட்டேன்,” என்றார் நடராஜா. “ஒக்காரு, பொங்கல் ஆறுது.”

யானை வேலியோரத்து வரிசையைத் தின்றது. அந்த வரிசையை அவர் அறுக்காமல் விட்டிருந்தார். பின்னேரம் பெட்டிக்குச் சொந்தக்காரர் ஹோட்டலில் விலாசம் கேட்டுச் சீகிரியாவிலிருந்து திரீவீலரில் வந்து, பெட்டி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அவரும் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டார்.